வேலிக்கு வெளியே போட்ட வைக்கோல்

கிறிஸ்மஸ் நெருங்கினால் போதும், ஆளாளுக்கு நன்றி சொல்லச் சொல்லிக் கிளம்பிவிடுகிறார்கள். பிரசங்கத்தில் நன்றி, பாட்டில் நன்றி, வாசலில் வந்து நிற்கும் கோயில் சபைப் பெண்களின் வாயில் நன்றி. எனக்கு எழுபது தாண்டிவிட்டது. இன்னும் அந்த வார்த்தை காதில் விழுந்தால் பற்றிக்கொண்டு வருகிறது. நன்றி என்ன கடைச்சரக்கா, கேட்டவுடன் எடுத்து நீட்டுவதற்கு? நானும் சொல்கிறேன்தான். வருஷம் தவறாமல் சொல்கிறேன். ஆனால் அதை எந்த இடத்தில் நின்று சொல்ல ஆரம்பித்தேன் என்பதை எழுதிவைத்துவிட்டுத்தான் போகவேண்டும்.

பிரான்சுக்காரன் ஆண்ட காலம். முதல் உலகச் சண்டை முடிந்து பத்து வருஷம் ஆகியிருக்கும். உறுவையாறு கிராமத்துக்குப் பக்கத்தில், ஆற்றங்கரையில் எங்கள் ஊர். வேதக்காரர்கள் முப்பது வீடு, ஒரு சின்னக் கோயில், கோயிலுக்குப் பின்னால் சப்பாத்திக்கள்ளி வேலி போட்ட கல்லறைத் தோட்டம். சாமியார் ஆற்றுக்கு அந்தக் கரையில் தங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மாட்டுவண்டியில் வருவார். வெள்ளைக்காரர், மார்புவரை தாடி. தமிழ் எங்களைவிடச் சுத்தமாகப் பேசுவார். வழியில் அவரைப் பார்த்தால் எல்லோரும் கைகூப்பி, "தோத்திரம் சாமி" என்போம்.

அவர்தான் வைக்கோல் வழக்கத்தைக் கொண்டுவந்தார். அவர் ஊரில் அப்படியாம். கிறிஸ்மஸுக்கு முந்தின நாலு வாரமும் வீட்டில் மாதா படத்துக்குக் கீழே ஒரு சின்னத் தொட்டி வைக்கவேண்டும். தொட்டி இல்லாதவர்கள் பழைய முறத்தை வைத்தார்கள். சாயங்காலம் செபமாலை முடிந்ததும் வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் சர்வேசுரன் தமக்குச் செய்த ஒரு நன்மையை நினைத்து ஒரு வைக்கோல் எடுத்துப் போடவேண்டும். வாய்விட்டும் சொல்லலாம், மனசுக்குள்ளும் சொல்லலாம். திருநாளுக்கு முந்தின நாள் பிற்பகலில் எல்லா வீட்டு வைக்கோலையும் கோயிலுக்குக் கொண்டுபோய்க் குடிலில் பரப்புவார்கள். அதன்மேல்தான் பாலனைப் படுக்கவைப்பார்கள்.

நல்ல எண்ணம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. எங்கள் ஜனம் அதை என்ன செய்தது தெரியுமா? இரண்டாவது வருஷமே போட்டி ஆரம்பித்துவிட்டது. யார் வீட்டு வைக்கோல் அதிகம் என்று கண்ணாலேயே அளந்தார்கள். ஒரு அம்மாள் வைக்கோற்போரிலிருந்து ஒரு கட்டு வைக்கோலையே உருவித் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். அடுத்த வீட்டுக் கோழி தன் வாசலைக் கிளறினால் மூன்று தலைமுறையை இழுத்துத் திட்டுகிறவள் அவள். அவ்வளவு நன்றியை எங்கே ஒளித்து வைத்திருந்தாளோ தெரியாது.

மூன்றாவது வருஷம் எங்கள் வீட்டுத் தொட்டியில் என் கையால் ஒரு வைக்கோல்கூட விழவில்லை.

அந்த ஐப்பசியில்தான் எனக்கு முதல் பிள்ளை. வயது இருபத்திரண்டு. என் தாய்வீடு பாகூர்ப் பக்கம் குருவிநத்தத்தில் இருந்தது. பிரசவத்துக்கு அழைத்துப்போக வண்டி கட்டிக்கொண்டு வருவதாக இருந்தார்கள். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. நாலு நாள் அடைமழை, ஆறு இரண்டு கரையையும் தொட்டு ஓடியது, வண்டி வர வழியில்லை. அந்த வெள்ளத்தில், ஒரு மாதம் முன்னதாகவே, எனக்கு வலி கண்டுவிட்டது. என் வீட்டுக்காரர் சாமியாரை அழைத்துவர ஆற்றங்கரைக்கு ஓடி, அக்கரைக்குப் போக முடியாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். வீட்டில் என்னோடு இருந்தது மருத்துவச்சியும் என் நாத்தனாரும்தான்.

நாத்தனார் என் வீட்டுக்காரருடைய தங்கை. கல்யாணமான இரண்டாம் வருஷமே புருஷனைப் பறிகொடுத்து அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தவள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள், ஆனாலும் முறை விடாமல் என்னை அண்ணி என்பாள். ஞானோபதேசம் முழுக்க அவளுக்கு மனப்பாடம். பொய் சொல்லத் தெரியாது. அது ஒரு குணம் என்று அதுவரை நானும் நினைத்திருந்தேன்.

பிற்பகலில் பிள்ளை பிறந்தது. பெண். எனக்கு உதிரம் நிற்காமல் நினைவு தப்பிவிட்டது. இரண்டு நாள் கழித்துக் காய்ச்சலோடு கண் விழித்தபோது மார் பால்கட்டி வலித்தது, பக்கத்தில் ஒன்றும் இல்லை. என் பிள்ளையை உயிரோடும் நான் பார்க்கவில்லை, செத்தும் பார்க்கவில்லை.

நடந்ததைப் பிறகு சொன்னார்கள். பிள்ளை அரை மணி நேரம்தான் உயிரோடு இருந்ததாம், மூச்சுத் திணறியிருக்கிறது. சாமியார் வரமுடியாத நேரத்தில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். தலையில் தண்ணீர் ஊற்றவேண்டும், ஊற்றும்போதே அதற்குரிய வார்த்தையைச் சொல்லவேண்டும், அவ்வளவுதான். குடிக்க வைத்திருந்த தண்ணீரை மருத்துவச்சி வெந்நீருக்குக் கவிழ்த்துவிட்டிருந்தாள். நாத்தனார் இருட்டிக் கிடந்த அடுப்பங்கரைக்கு ஓடி, கைக்கு எட்டிய பானையில் செம்பை முக்கிக் கொண்டுவந்து ஊற்றினாள். வார்த்தை ஒன்றுகூடத் தப்பவில்லை. பானைதான் தப்பிவிட்டது. அது பழைய சோறு ஊறிய நீராகாரப் பானை. ஊற்றி முடித்த பிறகுதான் பிள்ளையின் நெற்றியில் ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கையைப் பார்த்தாளாம். வாசலுக்கு ஓடி, கூரை இறப்பில் கொட்டுகிற மழையில் செம்பை நீட்டிப் பிடித்துக்கொண்டு திரும்பி வருவதற்குள் முடிந்துவிட்டது. ஊரே தண்ணீரில் மிதந்த அன்றைக்கு என் பிள்ளைக்கு மட்டும் தண்ணீர் இல்லாமல் போயிற்று.

மறுநாள் மழை விட்டது. ஓடக்காரன் ஒருவன் சாமியாரைக் கொண்டுவந்து சேர்த்தான்.

"ஞானஸ்நானம் கொடுத்தது யார்? எந்தத் தண்ணீரால் கொடுத்தாய்?" என்று கேட்டார். கேட்பது அவர் கடமை, கேட்டார். நாத்தனார் "தண்ணி சாமி" என்று இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். பார்த்தவர்கள் யாரும் இல்லை. மருத்துவச்சி என்னைக் காப்பாற்றுகிற அவசரத்தில் இருந்தாள், அவளுக்கு இந்த ஞானஸ்நானப் பேச்சு எதுவும் தெரியவும் தெரியாது. இவளோ முழங்காலில் விழுந்து, "சோத்துத் தண்ணி சாமி" என்றாள்.

அது தண்ணீர் ஆகாது, ஞானஸ்நானம் செல்லாது, பிள்ளையைக் கள்ளி வேலிக்குள்ளே மந்திரித்த மண்ணில் அடக்கமுடியாது என்று சாமியார் சொல்லிவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். கள்ளிக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் தன் கையாலேயே குழி வெட்டினார். மணி அடிக்கவில்லை. கொம்யூன் அலுவலகத்தை நாங்கள் மேரி என்போம். அங்கே பதிவு செய்யப் போனபோது, பதிகிறதற்கு முன்பே இறந்த பிள்ளை என்பதால், உயிரில்லாமல் கொண்டுவரப்பட்டது என்று பிரெஞ்சில் ஒரு வரி எழுதிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். பெயர் எழுதுகிற இடத்தில் ஒரு கோடு. கோயில் புத்தகத்திலும் இல்லை, சர்க்கார் புத்தகத்திலும் இல்லை. அப்படியானால் எட்டு மாதம் என் வயிற்றில் உதைத்தது யார்?

எழுந்து உட்காரத் தெம்பு வந்ததும் நாத்தனாரைக் கேட்டேன்.

"ஏன்டி சொன்ன? தண்ணின்னு சொன்னா உன் நாக்கு அழுகிப் பூடுமா?"

"சாமி கேட்டாரு அண்ணி..."

"இனிமே எம் புள்ளப் பேச்ச நீ எடுக்கக் கூடாது. உன் வாயால எடுத்த, நான் கிணத்துல வுழுந்துடுவேன்."

அதோடு அவளிடம் பேசுவதை நிறுத்திவிட்டேன். ஏழு வாரம். ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே சட்டியில் குழம்பு ஊற்றிக்கொண்டு, ஏழு வாரம் ஒரு வார்த்தை இல்லை. சாமியாரைப் பார்த்தால் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு நடந்தேன். தோத்திரம் சொல்லவில்லை.

இந்த நிலையில்தான் வைக்கோல் மாதம் வந்தது. மாதா படத்துக்குக் கீழே நாத்தனார் தொட்டியைக் கழுவி வைத்தாள். என் வீட்டுக்காரர் முதல் நாள் ஒன்று போட்டார், மறுநாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அவள் மட்டும் நிறுத்தவில்லை. தினமும் செபமாலை முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு எதையோ நினைப்பாள், ஒரு வைக்கோல் எடுத்துப் போடுவாள். எனக்கு வயிறு எரியும். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, சொந்தமென்று ஒரு பானைகூட இல்லாதவள் எதற்காக நன்றி சொல்கிறாள்? என் பிள்ளையை வேலிக்கு வெளியே தள்ளியதற்கா?

ஒரு நாள் வைக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு அவள் லேசாகச் சிரித்தாள். நான் பார்த்துவிட்டேன். எழுந்துபோய்த் தொட்டியை எட்டி உதைத்தேன். அது சுவரில் மோதிக் கவிழ்ந்தது.

"எம் புள்ள கள்ளிமுள்ளுல கெடக்குது, உனக்கு இன்னாத்துக்குடி சிரிப்பு?"

அதை அவளிடம் பேசியதாக நான் எண்ணவில்லை, கத்தினேன், அவ்வளவுதான். அவள் குனிந்து வைக்கோலை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தொட்டியில் திரும்பப் போட்டாள்.

"வுடு. அவ போடறத அவ போடட்டும்," என்றார் என் வீட்டுக்காரர்.

"நீங்க பேசாதீங்க. நீங்க போட்டது தெரியாதா? குழி வெட்டிப் போட்டீங்க."

அவர் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. அவரிடம் மன்னிப்புக் கேட்க எனக்குப் பல வருஷம் ஆயிற்று.

திருநாளுக்கு முந்தின நாள் பிற்பகல் கோயிலுக்குப் போனேன். பக்தியால் இல்லை, போகாவிட்டால் ஊர் வாயை அடைக்க முடியாது. மூங்கிலும் கீற்றும் வைத்துக் குடில் கட்டியிருந்தார்கள். மண்ணில் செய்த மாடு ஒரு பக்கம், கழுதை ஒரு பக்கம். ஒவ்வொரு வீட்டாராக வந்து வைக்கோலைப் போட, சாமியார் பக்கத்தில் நின்று தலையசைத்துக்கொண்டிருந்தார். கட்டுக்காரி இந்த வருஷமும் கட்டோடு வந்திருந்தாள். நாத்தனார் தன்னுடைய ஒரு பிடி வைக்கோலை மடியிலிருந்து எடுத்து ஓரமாகப் போட்டாள். நான் வெறுங்கையோடு நின்றேன்.

சாமியார் என்னைப் பார்த்தார். "மகளே, நீ ஒன்றும் கொண்டுவரவில்லையா? துக்கத்திலும் நன்றி சொல்லக் கற்றுக்கொள்ள வேண்டும்."

அவர் குரலில் இரக்கம் இருந்தது. அந்த இரக்கம்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

"மாட்டுக்கொட்டாயில பொறந்த புள்ளைக்கு ஊரே கூடி மெத்த போடுது சாமி. என் வூட்டுல பொறந்த புள்ளைக்குக் கள்ளிமுள்ளு போட்டீங்களே, அதுக்கு எத்தினி வைக்கோல் போடணும்?"

சாமியாரிடம் அப்படிப் பேசிய பெண்பிள்ளை எங்கள் ஊரில் அதற்கு முன்பு இல்லை. அவர் முகம் சிவந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தார், அந்தச் சுத்தமான தமிழ் அன்றைக்கு வரவில்லை. நான் குடிலுக்குள் குனிந்து இரண்டு கையாலும் ஒரு அணைப்பு வைக்கோலை வாரிக்கொண்டு கோயிலை விட்டு வெளியே வந்தேன். பின்னால் என் வீட்டுக்காரர் கூப்பிட்டார். திரும்பவில்லை.

கல்லறைத் தோட்டத்தைச் சுற்றி, கள்ளி வேலிக்கு அந்தப் பக்கம் போய் நின்றேன். நின்ற பிறகுதான் உறைத்தது, எனக்கு இடம் தெரியாது. குழி வெட்டினபோது நான் நினைவில்லாமல் கிடந்தேன். பிறகும் யாரையும் காட்டச் சொல்லவில்லை, அவ்வளவு வீறாப்பு. மழை மண்ணை மட்டமாக்கிப் புல்லும் முளைத்திருந்தது. கை நிறைய வைக்கோலும் காலில் ஏறிய முள்ளுமாக, என் பிள்ளையின்மேலேயே நிற்கிறேனோ என்ற பயத்தில் ஒரு அடி நகர முடியாமல் நின்றேன்.

நாத்தனார் பின்னாலேயே ஓடிவந்திருந்தாள். கிட்டே வரவில்லை, எட்டத்தில் நின்றாள்.

"எங்கடி?" என்றேன்.

அவள் வந்து என் கையைப் பிடித்து நாலு தப்படி கூட்டிக்கொண்டு போனாள். ஒரு கள்ளி மடலுக்கு அடியில் உடைந்த ஓடு ஒன்று கவிழ்த்து வைத்திருந்தது. சுற்றிப் புல் பிடுங்கிச் சுத்தமாக இருந்தது. யார் செய்தது என்று நான் கேட்கத் தேவையிருக்கவில்லை.

"இங்க அண்ணி."

வைக்கோலைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். அவளும் உட்கார்ந்தாள். எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

"தெனம் போட்டியே, இன்னாத்த நெனச்சுப் போட்ட?"

அவள் பயந்துகொண்டே என்னைப் பார்த்தாள். "சொல்லவா? பேச்செடுக்கக் கூடாதுன்னு சொன்னீங்களே."

"சொல்லு."

"கண்ணத் தொறந்துச்சு அண்ணி. மொத நாளு அதுக்குத்தான் போட்டேன்."

"பொய் சொல்ற. மூச்சுத் தெணறிக்கிட்டேதான் கெடந்துச்சாம்."

"எனக்குப் பொய் சொல்லத் தெரிஞ்சிருந்தா இது வேலிக்கு உள்ளதானே கெடக்கும்?"

எந்த நாக்கை ஏழு வாரமாகச் சபித்தேனோ, என் பிள்ளை உயிரோடு இருந்த அரை மணி நேரத்துக்கு அந்த நாக்கைத் தவிர எனக்குச் சாட்சி கிடையாது. அவள் மட்டும் சாமியாரிடம் ஒரு பொய் சொல்லியிருந்தால், இப்போது அவள் சொல்வதில் எதை நம்புவது, எதை விடுவது என்று தெரியாமல் போயிருக்கும்.

"அப்பறம்?"

"அப்பறம் என் வெரலப் புடிச்சுச்சு. வுடவே இல்ல. ரெண்டு வாட்டி அழுதுச்சு, சின்னச் சத்தம்தான். காதுக்குப் பின்னாடி ஒரு மச்சம், உங்களுக்கு இருக்குதே அதே எடத்துல. காலு மட்டும் அண்ணன் காலு, கட்டவெரல் அப்பிடியே. ஒருநாளு மச்சத்துக்கு, ஒருநாளு காலுக்கு, ஒருநாளு முடிக்கு. முடி எவ்ளோ இருந்துச்சு தெரியுமா..."

அரை மணி நேரத்தை அவள் நாலு வாரத்துக்குப் பங்கிட்டு வைத்திருந்தாள். ஞானஸ்நானம் கொடுக்கும்போது பெயர் சொல்லித்தான் ஊற்றவேண்டும். அவளும் ஒரு பெயர் வைத்திருந்தாள். அதுவரை அந்தப் பெயரை அவளிடம் யாரும் கேட்கவில்லை, சாமியார் உட்பட. அவள் சொன்னாள். அதை இங்கே எழுதமாட்டேன். இரண்டு புத்தகத்தில் ஏறாத பெயர் இந்தக் காகிதத்திலும் ஏறவேண்டாம்.

"அன்னிக்கிச் சிரிச்சியே, அது எதுக்கு?"

"அதுவா." அவளுக்கு மறுபடியும் உதடு துடித்தது. "தும்முச்சு அண்ணி. சோத்துத் தண்ணி மூக்குல எறங்கிடுச்சு போல. பெரிய மனுஷி மாரி, அவ்ளோ பெரிய தும்மல். மருத்துவச்சியே திரும்பிப் பாத்தா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அவளை அடித்தேன். தோளில், முதுகில், கைக்கு அகப்பட்ட இடத்தில் எல்லாம் அடித்தேன். அவள் வாங்கிக்கொண்டாள். கை ஓய்ந்த பிறகு அவள் மடியில் தலையை வைத்து, பிள்ளை பெற்ற ஏழு வாரத்தில் முதல் தடவையாக அழுதேன். கோயிலில் பெண்கள் திருநாள் பாட்டு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று பாலனைக் கிடத்தியபோது வைக்கோல் மெலிந்துதான் இருந்தது. சாமியார் அதைப்பற்றி என்னை ஒரு நாளும் கேட்கவில்லை. கள்ளியையும் வெட்டவில்லை. வழியில் பார்த்தால் நான் மறுபடியும் "தோத்திரம்" என்றேன், சாமி என்ற வார்த்தையைச் சேர்க்காமல்.

பின்னால் எனக்கு மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள், மூன்று பேரும் நல்ல தண்ணீரில் ஞானஸ்நானம் பெற்றார்கள். இரண்டாம் சண்டை நடந்த காலத்தில் ஊரில் காலரா வந்து கல்லறைத் தோட்டம் நிறைந்துபோனது. கள்ளியை வெட்டி வேலியைப் பத்து முழம் தள்ளிப் போட்டார்கள். புதிதாக வந்திருந்த சாமியார் அந்த மண்ணை மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். தெளித்த இடத்துக்குள் உடைந்த ஓடும் இருந்தது. மந்திரிக்கத் தண்ணீர் எங்கள் கிணற்றிலிருந்துதான் சேந்திக்கொண்டு போனார்கள். அன்றைக்கு அந்தப் பழைய சோறு ஊறியதும் அதே கிணற்றுத் தண்ணீரில்தான். நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சர்வேசுரனுக்குத் தோத்திரம்" என்றாள். எனக்கு வாயில் வந்தது வேறு. பத்து முழம் தள்ளினால் தீர்ந்துவிடுகிற விஷயத்துக்கா என் பிள்ளை அத்தனை வருஷம் வெளியே கிடந்தது?

நாத்தனார் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. அவள் கேட்டுக்கொண்டபடி அந்த ஓட்டுக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்தோம். இப்போது அந்தப் பட்டியல் என் ஒருத்தியிடம்தான் இருக்கிறது. கிறிஸ்மஸுக்கு முந்தின நாலு வாரமும் மாதா படத்துக்குக் கீழே தொட்டி வைக்கிறேன், அவள் போட்ட அதே வரிசையில் போடுகிறேன். கண் திறந்தது, விரலைப் பிடித்தது, அழுதது, மச்சம், கால், முடி. கோபமும் கூடவே வருகிறது, அதைத் தனியாகப் பிரித்துவைக்க எனக்குத் தெரியாது. சபைப் பெண்கள் இன்று காலையும் வந்து, நன்றியுள்ள இருதயம் வேண்டும் என்று பேசிவிட்டுப் போனார்கள். சரி சரி என்று தலையாட்டி அனுப்பிவிட்டேன். எனக்கு வேலை இருக்கிறது. இன்றைக்குத் தும்மலுக்கான நாள்.